உதவி கேட்காதீர்கள், வேலையையே கொடுத்துவிடுங்கள்

கேள்வி:

எனக்கு வயது 49. அம்மாவுக்கு 78. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, மாத்திரை, பிசியோதெரபி, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிவறைக்கு அழைத்துப் போவது எல்லாமே நான்தான். பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டேன்.

எனக்கு யாரும் இல்லாமல் இல்லை. அண்ணன் வெளியூரில் இருக்கிறார். மாதாமாதம் பணம் அனுப்புகிறார், ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார். தங்கை அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். பிள்ளைகளோடு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். கணவர் நல்லவர்தான். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பார். 17 வயது மகளும் கூடமாட ஒத்தாசை செய்கிறாள். எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லு" என்கிறார்கள். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

போன வருடம் அண்ணன் நான்கு நாள் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனேன். மாத்திரையை முக்கால் மணி நேரம் தாமதமாகக் கொடுத்தார் என்று தெரிந்ததும் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு இரவு, மூன்றாவது முறையாக எழுப்பியபோது அம்மாவிடம் கத்திவிட்டேன். கையை இறுக்கிப் பிடித்து இழுத்துவிட்டேன். காலையில் மணிக்கட்டில் கன்றிப்போய் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான் மோசமான மகளா? சண்டை வராமல் இந்த வேலையைப் பிரித்துக்கொள்வது எப்படி?

(என் தைராய்டு மாத்திரையை மூன்று மாதமாக வாங்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.)

பதில்:

முதலில் அந்த மணிக்கட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். கடிதம் முழுக்க நீங்கள் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

பக்கவாதம் வந்த பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணமாக அழுத்தினாலே தோல் கன்றிவிடும். நடந்ததைச் சின்னதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கை அன்று எவ்வளவு கொடூரமாக இருந்தது என்று அந்தத் தடத்தை வைத்து நீங்களே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள், அது கூடுதலாகவே இருக்கும். அதே சமயம், அடுத்த முறை இதைவிட லேசான பிடிகூட அம்மாவைக் காயப்படுத்தலாம். இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

என்னிடம் வருகிற பராமரிப்பாளர்கள் பலர் இப்படி ஓர் இரவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது சந்திப்பில், எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். "நான் மோசமான மகளா" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதைக் கேட்டுக்கொண்டிருப்பதால் உங்கள் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. அது எந்த நேரத்தில் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். நடு இரவு, மூன்றாவது முறை. இரண்டு வருடமாக ஒரு முழு இரவுகூடத் தூங்காத ஓர் உடம்பு அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆக, எந்த வேலையை முதலில் கைமாற்ற வேண்டும் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. இரவை.

அதற்கு ஏற்பாடு செய்யும்வரை ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கோபம் தலைக்கு ஏறுகிறது என்று தெரிந்த கணத்தில் அம்மா விழாதபடி படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷத்துல வர்றேம்மா" என்று சொல்லி அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் படுக்கை நனைந்தால் நனையட்டும், விரிப்பை மாற்றிக்கொள்ளலாம். நடந்ததை இன்றே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், கணவரிடம் சொல்வது நல்லது. மறுபடி அப்படி நடந்தாலோ, "செத்துப்போனால் தேவலை" என்ற எண்ணம் உங்களைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது.

அம்மாவிடமும் மன்னிப்புக் கேளுங்கள். பேச்சு போனவருக்குப் புரிதலும் போயிருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பக்கவாதத்தில் பேச்சு போன பலருக்கும் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது நன்றாகவே இருக்கும். அவர் அந்த இரவை உங்களைப்போலவே நினைத்துக்கொண்டு படுத்திருக்கலாம். அவரால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பிரிப்பதற்கு முன்னால் குறைக்க முடியுமா என்று பாருங்கள். இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கலாம். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை ஏதாவது மாலையில் போய்க்கொண்டிருக்கலாம், அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள் (நீங்களாக மாற்ற வேண்டாம்). கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டால் கழிவறைவரை நடத்திக்கொண்டு போகிற வேலை அப்படியே போய்விடும். இரண்டு வருடம் கழித்து ஓர் ஆலோசகர் கமோடு நாற்காலியைப் பற்றி எழுதுகிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் நான் பார்த்த பல வீடுகளில், வேலையைச் செய்கிறவருக்கு மூச்சு விடவே நேரம் இல்லாததால், அந்த வேலையை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிக்க யாருமே மிச்சம் இருப்பதில்லை.

சரி, இப்போது உங்கள் கணவர். "நல்லவர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் "தான்" எனக்கு நிறையச் சொன்னது. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்கிற மனிதர் மேல் கோபப்படவும் முடியாது, அவரால் பாரம் குறைவதும் இல்லை. ஏன் குறைவதில்லை?

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வீட்டு வேலைகளுக்குப் பின்னால் தலைக்குள் நடக்கிற வேலையை நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படப் போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, எது என்று முடிவு செய்வது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில், முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலும் கடைசியும், அதாவது முன்கூட்டி உணர்வதும் பின்னால் கண்காணிப்பதும், பெரும்பாலும் பெண் தலையிலேயே விழுகின்றன.

இதை உங்கள் வீட்டு மாத்திரைக்குப் பொருத்திப் பாருங்கள். அட்டையில் நான்கு மாத்திரைதான் மிச்சம் என்று பார்த்தது நீங்கள். பழைய சீட்டு செல்லுமா, புதிதாக எழுதி வாங்க வேண்டுமா என்று யோசித்தது நீங்கள். கணவரிடம் சொன்னது நீங்கள். அவர் வாங்கி வந்ததும் அதே மாத்திரைதானா, அதே அளவுதானா என்று பிரித்துப் பார்த்தது நீங்கள். அவர் கடைக்குப் போய் வந்தார். அது வேலை இல்லை என்று சொல்லவில்லை. உங்களைச் சாய்ப்பது கடைக்குப் போகிற வேலை இல்லை என்றுதான் சொல்கிறேன். குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் தூங்கும்போதும்கூட உங்கள் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கிறது. "சொல்லு, செய்றேன்" என்பவர் அந்தப் பட்டியலை உங்கள் தலையிலேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் இரவல் தருகிறார்.

அதனால்தான் "உதவி" என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் பேச வேண்டாம் என்கிறேன். உதவி என்று சொன்னதுமே வேலை உங்களுடையது, மற்றவர்கள் பெருந்தன்மையாகக் கொஞ்சம் கை கொடுக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. அம்மா மூன்று பேருக்கு அம்மா. மாத்திரை வேண்டுமென்றால் மாத்திரை முழுவதையும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். தீர்வதற்கு முன் கவனிப்பது, வாங்குவது, வாரப் பெட்டியில் அடுக்கி வைப்பது, மருத்துவர் மாற்றினால் மாற்றிக்கொள்வது எல்லாம் அவர் பாடு. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பது மட்டும் அந்நேரம் வீட்டில் இருப்பவர் வேலை. ஒரு மாதம் போனதும் மாத்திரை என்ற சொல்லே உங்கள் தலையில் இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அது கைமாறியதாக அர்த்தம்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேரம், வேலை, எவ்வளவு நிமிடம். தலைக்குள் நடந்ததையும் எழுதுங்கள்: "இரவு 11, நாளைக்கு டயப்பர் இருக்கிறதா என்று நினைத்துத் தூக்கம் போனது." எழுதவும் நேரம் இல்லை என்பீர்கள். மகளிடம் சொல்லுங்கள், நீங்கள் வாயால் சொல்வதை அவள் போனில் பதிவு செய்துகொள்ளட்டும்.

இந்த நோட்டு சண்டைக்கு ஆயுதம் ஆகிவிடக்கூடாது. மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் கணவன் மனைவிகளிடம் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுதைத் தாண்டியது. தன் பெருமைக்காகச் சொல்கிறார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சண்டையைத் தொடங்குவது போன்ற நல்ல பெயர் தராத விஷயங்களிலும் அப்படித்தான் சொன்னார்கள். நாம் செய்தது நமக்கு எளிதாக நினைவுக்கு வருகிறது, மற்றவர் செய்தது வருவதில்லை. உங்கள் அண்ணன் தன் பங்கை ஒழுங்காகச் செய்வதாக மனதார நம்பிக்கொண்டிருப்பார். தங்கையும் அப்படித்தான், வருகிற ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு வந்த பாடு அவளுக்கு நினைவிருக்கும். அவர்கள் நடிக்கவில்லை. உங்கள் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நோட்டு அதைக் காட்டும்.

அப்புறம் எல்லோரும் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும். அண்ணன் வீடியோ அழைப்பில் வந்தாலும் போதும். இதை நான் வெறும் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மேரி மிட்டல்மேன் என்பவரும் அவருடைய குழுவும் நியூயார்க்கில், மறதி நோய் வந்த கணவனையோ மனைவியையோ வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு தனி ஆலோசனைகளும் நான்கு குடும்பக் கூட்டங்களும் நடத்தினார்கள். தொடர்ந்து ஆதரவுக் குழு, தேவைப்படும்போது போனில் ஆலோசனை. 1996-இல் வெளியான முடிவின்படி, இது கிடைத்த குடும்பங்கள் கிடைக்காத குடும்பங்களைவிட நோயாளியை ஏறக்குறைய 329 நாள் அதிகமாக வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நோய்க்குப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சுற்றியிருந்தவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள்.

உங்கள் கூட்டத்துக்குச் சில யோசனைகள். அம்மாவுக்குத் தெரியாமல் நடத்தாதீர்கள். முந்தின நாளே சொல்லி, ஆமாம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். யார் குளிப்பாட்டினால் சரி, யார் கூடாது, இரவில் யார் பக்கத்தில் இருக்கலாம். மகன் குளிப்பாட்டுவதை அவர் விரும்பவில்லை என்றால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, அண்ணனுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. சொத்து, நகை, யாருக்கு எப்போது யார் என்ன செய்யவில்லை என்பதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலே விட்டாலும் நல்லது. நீங்கள் பேசத் தொடங்கும்போது "யாருமே எனக்கு..." என்று ஆரம்பித்தால் மூன்று பேரும் தங்கள் வக்கீலாகிவிடுவார்கள். "இரவு வேலையை இனி என்னால் செய்ய முடியாது. வாரத்தில் ஏழு இரவு இருக்கிறது. இதை எப்படிச் செய்யலாம்?" என்று தொடங்குங்கள். முடியவில்லையே என்று கெஞ்சுகிற தொனியில் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். முடியாது என்பதை ஒரு தகவலாகச் சொல்லுங்கள், அப்போது ஏற்பாட்டைப் பற்றிப் பேச்சு வரும். முடிவு செய்ததை ஆறு வாரத்துக்கு என்று வையுங்கள். காலமெல்லாம் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சம பங்கு வராது. இதை முன்பே சொல்லிவிடுகிறேன். தூரம், குழந்தைகள், சம்பளம் எல்லாம் வேறுவேறாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு என்று கோடு போட்டால் அந்தக் கோட்டின் மேலேயே சண்டை நடக்கும். அவரவர் இடத்திலிருந்து முழுதாக எடுத்துக்கொள்ளக்கூடியது எது என்று பாருங்கள்.

அண்ணன் தூரத்தில் இருக்கிறார், ஆனால் போன் இருக்கிறது. மருத்துவர் நேரம் வாங்குவது, பரிசோதனை முடிவுகளைக் கோப்பாக வைப்பது, காப்பீட்டுக் காகிதங்கள், மாத்திரையும் டயப்பரும் தீருவதற்குள் வீட்டுக்கு வரச் செய்வது, கட்டணங்கள் கட்டுவது என எதற்கும் அவர் இங்கே இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மாத்திரை விவகாரத்தை, பெட்டியில் அடுக்குவதைத் தவிர்த்து, அப்படியே அவரிடம் கொடுக்கலாம். அடுக்குவதை மகள் பார்த்துக்கொள்ளட்டும். அவர் அனுப்பும் பணத்தையும் குறைத்துப் பேசாதீர்கள், அதுவும் பங்குதான். ஆனால் அந்தப் பணம் எத்தனை மணி நேரமாக மாறுகிறது என்று கேளுங்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு ஒரு உதவியாளரை வைக்க முடிந்தால் அந்தப் பணம் உங்களுக்குத் தூக்கமாக வந்து சேரும். இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும், உங்களுக்கு நா எழாது என்றாலும்: நீங்கள் விட்ட சம்பளமும் இந்தக் குடும்பம் செலவழித்த பணம்தான். அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. அம்மாவின் பணத்திலிருந்தோ உடன்பிறந்தவர்கள் சேர்ந்தோ உங்களுக்கு ஒரு தொகை தருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. பல குடும்பங்களுக்கு இது சங்கடமாக இருக்கும், நான் அறிவேன்.

தங்கை இனிமேல் பார்க்க வர வேண்டாம், இருக்க வரட்டும். வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட நேரம், நீங்கள் வீட்டில் இல்லாத நேரம். நீங்கள் இருந்தால் அவள் விருந்தாளியாகிவிடுவாள். குழந்தைகளை விட்டுவிட்டு வர முடியாது என்றால் அம்மாவை அங்கே அழைத்துப் போக முடியுமா என்று பாருங்கள். கணவருக்கு இரவுகள். வாரத்தில் இரண்டு இரவு அவர் பொறுப்பு, நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அவர் எழுந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுந்திருக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்தான்.

மகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 17 வயதில் பாட்டிக்குச் செய்யப் பழகுவது நல்லது. ஆனால் அந்த வீட்டில் கேட்டவுடன் "சரி" என்கிற ஆள் அவள்தான் போலிருக்கிறது. அப்படிப்பட்டவர் மேல்தான் எல்லாம் மெதுவாக வந்து சேரும். உங்களுக்கும் அப்படித்தானே வந்து சேர்ந்தது? மாத்திரைப் பெட்டியை அடுக்குவது, தினம் கால் மணி நேரம் பேச்சுப் பயிற்சி, இது போதும். உடம்பு சம்பந்தமான வேலையும் இரவும் வேண்டாம்.

அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இடது கை இருக்கிறது. முகம் துடைப்பது, சட்டைப் பொத்தானில் இரண்டு, கரண்டியில் பாதிச் சாப்பாடு. நீங்கள் செய்தால் ஐந்து நிமிடம், அவர் செய்தால் இருபத்தைந்து நிமிடம். அவசரத்தில் நாம் பிடுங்கிக்கொள்ளும் வேலைகளில் இதுதான் முதலில் போகிறது, போனால் அந்தத் திறமையும் சேர்ந்து போய்விடுகிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. அண்ணன் வந்தார். நான்கு நாள் என்றார். நீங்கள் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டீர்கள், முக்கால் மணி நேரத்துக்காக.

அன்று அண்ணன் என்ன கற்றுக்கொண்டிருப்பார்? இந்த வேலை தனக்கு வராது, உங்களுக்குத்தான் வரும் என்று. அடுத்த முறை அவர் ஏன் முன்வர வேண்டும்? உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. இரண்டு வருடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்த ஒன்றை வேறு ஒருவர் கோணலாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது, நீங்களே செய்வதைவிடக் கடினம். இந்த மாதத்தில் மிகக் கடினமான வேலை உங்களுக்கு அதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலான தினசரி மாத்திரைகளுக்கு முக்கால் மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. எந்த மாத்திரைக்கு நேரம் கறாராக இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்கு விஷயம் மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டலாம். இவற்றில் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒன்று, ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், சின்னச் சின்ன வாயாக, முடிந்த பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக்கூடாது. இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட வேண்டும். பக்கவாதத்தில் விழுங்குவது தடுமாறினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். இரண்டு, வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. தசை தளர்ந்த தோள்பட்டை எளிதில் நழுவிவிடும். மூன்று, மாத்திரையை விடவும் கூடாது, விட்டதற்கு ஈடாக இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது. நான்கு, முகம் கோணினாலோ, நல்ல கை திடீரென்று தொய்ந்தாலோ, இருக்கிற பேச்சும் குழறினாலோ, மணியைப் பார்த்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இந்த நான்கும் சரியாக நடந்தால் சட்டை எந்த நிறம், குளியல் காலையிலா மாலையிலா, போர்வை எப்படி மடித்தது என்பதெல்லாம் அந்த நேரத்துக்கு அங்கே இருப்பவரின் இஷ்டம்.

எப்படித் தூக்குவது, எப்படி நாற்காலிக்கு மாற்றுவது என்பதை நீங்கள் கற்றுக்கொடுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் வருகிற நாளில் எல்லோரையும் வரச்சொல்லி அவரையே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தங்கையோ அண்ணனோ நீங்கள் திருத்தினால் முகம் சுளிப்பார்கள், அவர் திருத்தினால் கேட்டுக்கொள்வார்கள். நீங்களும் சேர்ந்து கேளுங்கள். இரண்டு வருடமாக நீங்கள் தூக்கும் விதத்தில் தவறு இருந்தால் உங்கள் இடுப்பு அதை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும்.

முதல் சில நாள் அம்மா மற்றவர் கையில் சாப்பிட மறுக்கலாம், உங்களைத் தேடலாம், அழலாம். உங்களிடம் புகார் வரும். அப்போது ஓடி வந்துவிட்டால் போன வருடத்துக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை ஈடுகட்டிக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

யாராவது முடியாது என்று சொல்லிவிட்டால்? சொல்வார்கள். அவர்களுக்கென்று ஒரு காரணமும் இருக்கும், சில சமயம் பழைய மனக்கசப்பும் இருக்கும். ஒரு முறை தெளிவாகக் கேளுங்கள், பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அந்த ஆள் மனம் மாறுவார் என்று காத்திருக்காதீர்கள். காத்திருப்பதும் ஒரு வேலை, நிறையச் சக்தியைத் தின்கிற வேலை. அந்தப் பங்கைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா, முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இருக்கிற வேலையில் எதைச் செய்யாமல் விடலாம் என்று பாருங்கள். வீடு இப்போது இருக்கிற அளவு சுத்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிடைக்கிற நேரத்தில் முதலில் தூங்குங்கள். துணி மடிக்கப் போய்விடுவீர்கள், எனக்குத் தெரியும். 1995-இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு, மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அதே வயதில் அப்படிப் பாரம் இல்லாத 13 பேருக்கும் கையில் ஒரே அளவில் சின்னக் காயம் செய்து எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தது. பராமரிக்கிறவர்களுக்கு ஆறுவதற்கு ஏறக்குறைய 9 நாள் அதிகம் ஆனது. மனதில் இருக்கும் பாரம் மனதோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி நான் படித்ததில்லை.

அந்த அடைப்புக்குறிக்குள் போட்ட வரிக்கு வருகிறேன். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்து அதற்கான மாத்திரையை மூன்று மாதம் நிறுத்தினால் களைப்பு, மந்தம், மனச்சோர்வு, எரிச்சல் எல்லாம் வரும். கடந்த மாதத்து அந்த இரவில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும், மாத்திரையின் அளவையும் மருத்துவர்தான் மறுபடி பார்த்துச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்காகவும் உங்களைப் பார்க்கச் சொல்லி அவரிடமே கேளுங்கள். நோட்டு, கூட்டம், ஆறு வாரம் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வாரத்திலேயே ஒரு நேரம் வாங்குங்கள். கணவர் கூட வருகிறேன் என்பார். வேண்டாம், அவர் அம்மாவோடு வீட்டில் இருக்கட்டும். எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், சுவரில் அந்த நான்கு வரி இருந்தால் போதும். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுப் போய் வாருங்கள்.